விலை கொடுத்தும் நமதாகாத பொருள்

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குக் குடும்ப இதழில் இடம் ஏன் என்று எவரும் எண்ண வேண்டா. விளையாட்டு மனித வாழ்வில் அற்பமானதன்று. புனித அக்குவினா தோமையார் தமது இறையியல் பெருநூலில் இதைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். உடலுழைப்பால் களைத்தவனுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல, அறிவுழைப்பால் களைத்த மனத்திற்கு விளையாட்டும் நகையும் தேவை என்பது அவர் கண்ட முடிவு. அவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றையும் அவர் நினைவுகூர்கிறார். நற்செய்தியாளரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில்லேந்தி நின்ற ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவன் பலமுறை எய்தபின், இவ்வாறே ஓயாமல் எய்துகொண்டிருக்க இயலுமா என்று வினவினார். இயலாது, வில் முறிந்துபோகும் என்றான் அவன். மனித மனமும் அத்தகையதே என்று விளக்கினார் அருளப்பர்.

தூரின் நகரத்துச் சிறுவர்களை ஆண்டவரிடம் அழைத்துவந்த புனித தொன் போஸ்கோவும் விளையாட்டு மைதானத்தையே தம் முதல் வகுப்பறையாகக் கொண்டார். ஆதலால், பிள்ளைகள் விளையாடலாமா என்பது நம் கேள்வியன்று. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் அவர்களுடைய விளையாட்டு எவ்வாறு விற்கப்படுகிறது, நாம் கொடுக்கும் பணத்திற்கு உண்மையில் எதைப் பெறுகிறோம் என்பதே நம் கேள்வி.

ஒரு தாய் கேட்டது

நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகனைக் குறித்துப் பேச வந்திருந்தார். தாய்மாமன் கொடுத்த திருவிழாக் காசு, பாட்டி தம் முதியோர் உதவித்தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு, இவற்றையெல்லாம் சேர்த்து, கைப்பேசி விளையாட்டு ஒன்றில் தன் பொம்மை வீரனுக்குச் சட்டையும் தொப்பியும் துப்பாக்கிக்கு நிறமும் அச்சிறுவன் வாங்கியிருக்கிறான். ஓராண்டில் அது மூவாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பின்னர் கைப்பேசி பழுதுபட்டது. கடைக்காரர் அதிலிருந்த அனைத்தையும் அழித்துச் சீர்செய்து கொடுத்தார். விளையாட்டை மீண்டும் ஏற்றியபோது வீரன் வெறுங்கையோடு நின்றான். பையன் தன் பெயரில் கணக்குத் தொடங்காமல் 'கெஸ்ட்' என்ற முறையில் விளையாடி வந்ததால், வாங்கியவை அனைத்தும் அந்தப் பழைய கைப்பேசிப் பதிவோடு போயின. இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"காசு குடுத்து வாங்கின பொருள் சாமி. யாரும் திருடல, ஒடஞ்சும் போகல. அப்புறம் எப்படி சாமி இல்லாமப் போகும்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

இது விவரமறியாத ஒருவரின் கேள்வியென்று தள்ளிவிடலாகாது. மேலைநாடுகளில் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் இன்று எழுப்பப்படும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

கிரயமா, வாடகையா?

நம் மக்கள் நிலம் வீடு விவகாரங்களில் மிகத் தெளிவானவர்கள். கிரயம் வேறு, ஒத்தி வேறு, வாடகை வேறு என்பது எழுத்தறியாதவருக்கும் தெரியும். வாடகைச் சீட்டை நீட்டி, இதுதான் கிரயப் பத்திரம் என்று ஒருவன் சொன்னால் ஊரே கூடிவிடும்.

முன்னாளில் விளையாட்டுப் பொருள்கள் யாவும் கிரயப் பொருள்களே. பாட்டியின் பல்லாங்குழிப் பலகை பேத்திக்கு வந்தது. அண்ணனின் பம்பரம் தம்பிக்குப் போயிற்று. 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் கேசட்டுகளும் அவ்வாறே. நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம். சலித்துப்போனால் பாதி விலைக்கு விற்கலாம். விற்ற நிறுவனம் மூடப்பட்டாலும் வீட்டிலுள்ள கேசட் ஓடும்.

இந்நிலை மெல்ல மாறியது. 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற இணைய அங்காடியைத் தொடங்கியது. 2004 நவம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டைக் கடையில் வட்டாக வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கிப் பதிவு செய்த பின்னரே ஆட முடிந்தது. இம்முறையில் நன்மைகள் இல்லாமலில்லை. வட்டு கீறிப்போகும் அச்சமில்லை; பிழைகள் உடனுக்குடன் திருத்தப்படுகின்றன; சிறிய படைப்பாளிகளும் உலகமெங்கும் தம் விளையாட்டை விற்கலாம். ஆயினும் ஒன்று மாறிவிட்டது. வாங்குபவர் பெறுவது பொருளன்று, அதைப் பயன்படுத்த ஓர் அனுமதி மட்டுமே. ஒப்பந்தத்தில் அவ்வாறுதான் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதைப் பொறுமையாகப் படிப்பவர் மிகச் சிலரே. பொத்தானிலோ 'வாங்குக' என்று பொறித்திருக்கும்.

தனியே ஆடவும் அனுமதி

இதன் விளைவை உலகம் 2013 மார்ச்சில் கண்டது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'சிம்சிட்டி' என்ற பழம்பெரும் விளையாட்டின் புதிய பதிப்பை வெளியிட்டது. சாலை போட்டு, குழாய் பதித்து, ஒரு நகரத்தை எழுப்பும் அமைதியான விளையாட்டு அது. 1989இல் வெளிவந்த முதற்பதிப்பைத் தனியாக அமர்ந்து ஆடலாம். புதிய பதிப்பிற்கோ எந்நேரமும் இணையத் தொடர்பும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பும் இன்றியமையாதவை என்று விதிக்கப்பட்டது. வெளியான அன்றே பெருங்கூட்டத்தைத் தாங்காமல் சர்வர்கள் திணறின. முழு விலை கொடுத்தவர்கள் பல நாள் வாசலிலேயே காத்துக் கிடந்தனர். நிறுவனம் வருத்தம் தெரிவித்து, வேறொரு விளையாட்டை இலவசமாக அளித்தது. இணையமின்றி இதை ஆட இயலாது என்று முதலில் கூறப்பட்டது. ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையமின்றி ஆடும் வழி அதே விளையாட்டில் சேர்க்கப்பட்டது!

அதே 2013ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கருவியை அறிவித்தபோது, 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் அது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், வட்டுகளைக் கைமாற்றுவதில் கட்டுப்பாடு உண்டு என்றும் சொன்னது. மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஜூன் 19ஆம் நாள் நிறுவனம் அவ்விதிகளைக் கைவிட்டது. வாங்குவோர் ஒன்றுபட்டுப் பேசினால் விற்போர் செவிசாய்க்கத்தான் செய்கின்றனர் என்பதற்கு இது சான்று.

சர்வர் நிறுத்தப்பட்டபோது

பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாட்டின் ஒரு சிற்றுருவமே அதில் அமைந்திருந்தது. அதன் பெரும்பகுதியை ஒருவர் தனியாகவே ஓட்டி மகிழலாம். ஆனால் சர்வரோடு இணைப்பு எப்போதும் வேண்டும். 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுவனம் அந்தச் சர்வர்களை நிறுத்தியது. அன்றோடு, வட்டு கையில் வைத்திருந்தவருக்கும் அது ஓடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதையொட்டி எழுந்த மக்கள் விண்ணப்பம் ஒன்றில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அவர்கள் கேட்பது மிகுதியன்று. ஒரு விளையாட்டுக்கான சேவையை நிறுத்தும்போது, வாங்கியவர் அதைத் தொடர்ந்து ஆட ஏதேனும் ஒரு வழியை விட்டுச் செல்லுங்கள் என்பதே. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அனுமதியை மட்டும் விற்போர் அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனமும், அவ்விளையாட்டின் அடுத்த இரு பாகங்களுக்கு இணையமின்றி ஆடும் வழி செய்வதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. சர்வரை நடத்த மின்சாரமும் ஊழியரும் வேண்டும். பத்துப் பேர் மட்டுமே ஆடும் விளையாட்டை நூறாண்டு காக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் எத்தனை நாள் இருக்கும் என்பதைச் சொல்லாமல் முழு விலை வாங்குவது வேறு. வாடகையை வாடகை என்று சொல்லி வாங்குவது வேறு.

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்

இனி, விளையாட்டுக்குள்ளே திறக்கப்படும் இரண்டாவது கடையைப் பார்ப்போம். 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம், 'ஆப்ளிவியன்' என்ற தன் விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தைத் தனியே விலைக்கு வைத்தது. விலை ஏறக்குறைய இரண்டரை டாலர். குதிரைக்கு அழகு கூடிற்றேயன்றி விளையாட்டில் புதிதாக எதுவும் சேரவில்லை. அன்று பலரும் நகைத்தனர். ஆனால் அந்தக் குதிரைக் கவசம் ஒரு வழியைக் காட்டிவிட்டது. இன்று பல விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொம்மையின் சட்டையும் நடையும் நடனமுமே விற்பனைப் பொருள்.

இவ்வங்காடியின் தந்திரங்களைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். முதலாவது, ரூபாயை வைரமாகவோ நாணயமாகவோ மாற்றச் செய்வது. ரூபாய் செலவழிந்தால் கை நடுங்கும். வைரம் செலவழிந்தால் நடுங்காது. இரண்டாவது, அளவு பொருந்தாமை. சட்டையின் விலை 120 வைரம் என்றால், வைரம் 100ஆகவோ 200ஆகவோதான் விற்கப்படும். மீந்த 80, அடுத்த செலவுக்கு அழைப்பிதழாகக் காத்திருக்கும். மூன்றாவது, இன்றே கடைசி நாள் என்று ஓடும் கடிகாரம். நான்காவது, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத பரிசுப் பெட்டி. பணம் கொடுத்துத் திறந்தபின்தான் பொன்னா புழுதியா என்பது தெரியும். இது சூதாட்டத்துக்கு அண்டை வீடு. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' விளையாட்டில் இத்தகைய பெட்டிகளுக்கு எதிர்ப்பு மூண்டு, வெளியீட்டின் தறுவாயில் அவ்விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், சில விளையாட்டுகளில் பணத்திற்கு விற்கப்படும் பெட்டிகள் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டமே என்று கூறியது.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வாணிபக் கண்காணிப்பு ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த இசைந்தது. இதில் 24 கோடியே 50 லட்சம் டாலர் வாங்கியோருக்குத் திருப்பித் தருவதற்கானது. குழப்பமான பொத்தான் அமைப்பால் வேண்டாதவற்றையும் மக்கள் வாங்க நேர்ந்தது, பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகள் வாங்க இடமிருந்தது என்பன குற்றச்சாட்டுகள். இசைவின்றிப் போன பணத்தை வங்கி அட்டை வழியாகத் திரும்பக் கோரியவர்களின் கணக்கே பூட்டப்பட்டது என்றும் ஆணையம் கூறியது. அதாவது, ஒரு சட்டைக்கு முறையிட்டால் பெட்டி முழுவதும் பறிபோகும்!

நம் நாட்டில் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. பணம் கட்டிப் பணம் வெல்ல ஆசைகாட்டும் ஆட்டங்களே அதன் முதல் இலக்கு. பொம்மைக்குச் சட்டை விற்கும் கடையிலிருந்து அது நம் பிள்ளைகளைக் காத்துவிடும் என்று பெற்றோர் வாளாவிருத்தல் கூடாது.

நீதியின் கண் கொண்டு நோக்கின்

பொய்யான நிறைகோலையும் படியையும் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. நீதிமொழிகள் நூலும் கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பானது என்ற கருத்தை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. விற்கும் பொருளில் மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்குக் கேடோ இழப்போ தருமானால், அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்று அக்குவினா தோமையார் கற்பிக்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்கலாகாது. அப்படியாயின், என்று நிற்கும் என்று தெரியாத விளையாட்டை என்றும் உள்ளது போல் விற்பதும், வாடகையைக் கிரயம் என்று பெயரிட்டு விற்பதும் ஏழாம் கட்டளையின் எல்லைக்குள் வருவனவே. எதிரே நிற்பவன் பத்து வயதுச் சிறுவன் என்று தெரிந்தும் அவன் ஆசையைத் தூண்டி விற்பது இன்னும் பாரதூரமானது.

எனினும் பழியனைத்தையும் அந்நிய நிறுவனங்கள் மேல் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. அந்தச் சட்டை இல்லாவிடில் நண்பர்கள் தன்னை ஏளனம் செய்வார்கள் என்று நம் பிள்ளை அஞ்சுகிறான். உடையைக் கொண்டு மதிப்பிடும் பழக்கத்தை அவன் கைப்பேசியில் மட்டுமா கற்றான்? நம் வீட்டுத் திருமணங்களிலும் சடங்குகளிலும் அவன் கண்டதன்றோ அது? பிள்ளைக்கு அறிவுரை கூறுமுன் இதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

நேர்மையான வாணிபமும் உண்டு

யாவரும் இப்படித்தான் விற்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி' என்ற விளையாட்டு வெளிவந்தது. பாழடைந்த பண்ணையைச் சீர்செய்து, விதை விதைத்து, அயலாரோடு நட்புகொள்வதே அதன் பொருள். ஒரே மனிதர் நான்காண்டுகளுக்கு மேல் தனியே உழைத்து உருவாக்கியது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். இணையமின்றியும் ஆடலாம், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பகுதிகளும் இலவசமாகவே வழங்கப்பட்டன. 2024 முடிவதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' என்ற அங்காடியில் வாங்கும் விளையாட்டுகளை நம் கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தனியே ஆடுவதற்கு எவருடைய சர்வரும் இசைவு தர வேண்டியதில்லை. நேர்மையாக விற்றால் நட்டம் என்ற வாதம் பொய் என்பதற்கு இவை போதும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. எந்த விளையாட்டையும் பெறுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையமின்றி ஓடுமா? உள்ளே மேலும் என்னென்ன விற்கிறார்கள்? பிடிக்காவிடில் பணம் திரும்புமா? கைப்பேசியின் ஏரோபிளேன் மோடை இட்டு விளையாட்டைத் திறந்து பார்த்தால் முதற்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். உள்ளே விற்பனை உண்டு என்பது பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயரருகே 'இன் ஆப் பர்ச்சேஸ்' என்று குறிக்கப்பட்டிருக்கும்.

2. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு கைப்பேசியில் அமைத்துவிடுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டா. பீரோச் சாவியைக் கொடுப்பதற்கு அது ஒப்பானது.

3. தவறுதலாகப் பணம் போய்விட்டால் தாமதிக்காதீர்கள். பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்திற்குள் திரும்பக் கேட்பது நல்லது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கோரலாம்.

4. பிள்ளை ஏற்கெனவே பணம் செலவிட்ட விளையாட்டு இருப்பின், அது 'கெஸ்ட்' கணக்கா என்று பார்த்து, பெற்றோரின் மின்னஞ்சலோடு இணைத்துவிடுங்கள்.

5. அடிப்பதாலும் கைப்பேசியைப் பிடுங்குவதாலும் மட்டும் பயனில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்து, இச்சட்டையின் விலை எத்தனை வைரம், அது எத்தனை ரூபாய், அப்பாவின் எத்தனை மணி நேரக் கூலி என்று காகிதத்தில் சேர்ந்து கணக்கிடுங்கள். நாளை கடனட்டையும் தவணைக் கடையும் அவனை அழைக்கும்போது, இன்று போட்ட கணக்கு துணைநிற்கும்.

6. மாலையில் கோயில் மைதானத்தின் கதவு திறந்திருக்கட்டும். பங்குப்பேரவையும் இளைஞர் இயக்கமும் ஒரு பந்துக்கும் ஒரு வலைக்கும் வழிசெய்தால், சிறுவர் பலர் தாமாகவே கைப்பேசியை வைத்துவிட்டு வருவர்.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் கணினியிலும் வீடியோ விளையாட்டிலும் விருப்பமுள்ள சிறுவராகவே வாழ்ந்தார். வாரத்திற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடுவதில்லை என்று தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டார் என அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். தினமும் திருப்பலியில் பங்கேற்க அவருக்கு நேரமிருந்தது. வீடற்ற ஏழைகளுக்கு உதவ அவரிடம் காசு மிஞ்சியது. 2006 அக்டோபரில், 15ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். விளையாட்டு அவர் கையில் இருந்தது; அவர் விளையாட்டின் கையில் இருக்கவில்லை.

பூச்சியும் துருவும் அரிக்காத செல்வத்தைச் சேர்த்துவைக்குமாறு நம் ஆண்டவர் பணித்தார். சர்வர் நின்றால் மறையும் செல்வமும் அவர் குறிப்பிட்ட அழியும் செல்வத்தின் புதியதொரு வகையே. நம் பிள்ளைகள் மகிழ்ந்து விளையாடட்டும். கொடுக்கும் காசின் மதிப்பையும் பெறும் பொருளின் தன்மையையும் அறிந்து விளையாடட்டும். அவ்வறிவை ஊட்டும் முதல் பள்ளியாக நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் விளங்க, திருக்குடும்பத்தின் காவலரான புனித சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக.